வன்தட்டிலிருந்து ஃபிளாஷ் நினைவகத்திற்கு: கள ஆய்வுத் தரவுப் பாதுகாப்பு நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரியலூர் மாவட்டத்தின் தா.பழூர் போன்ற ஊர்களின் மாணவர்களிடமும் கணினியைக் கொண்டு சேர்த்தது. அக்காலக் கணினிகளில் தரவைத் தாங்கியது இயந்திர வன்தட்டாகும். இன்று அவ்விடத்தை எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம் பெற்று வருகிறது. கல்வெட்டு ஒளிப்படங்களையும் வழக்காற்று ஒலிப்பதிவுகளையும் கணினியில் வைத்துள்ள ஆய்வாளருக்கு இம்மாற்றம் தரும் நன்மையும் இடரும் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இயங்குமுறை

ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய வன்தட்டில், காந்தப் பூச்சுடைய தட்டு சுழல, அதன்மேல் நகரும் தலை தரவைப் படிக்கிறது. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டில், வேண்டிய பகுதி தலையின்கீழ் வருவதற்கே சராசரியாக 5.6 மில்லிநொடி ஆகும். இயங்கும் நிலையில் கீழே விழுந்தால் தலை தட்டில் உரசித் தரவு அழியக்கூடும்.

ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா ஆவார். அவர் 1984இல் அதனை அறிவித்தார், எஸ்.எஸ்.டி.யில் பயன்படும் நேண்ட் வகை 1987இல் வெளியிடப்பட்டது. மின்கடத்தாப் படலம் சூழ்ந்த நுண்கலங்களில் சிறைப்படும் மின்னூட்டமே இங்குத் தரவாகிறது. அசையும் உறுப்பு இன்மையால் வேகம் கூடுகிறது. களப்பயணத்தின் அதிர்வையும் இது தாங்குகிறது.

இடர்கள்

முதலாவது, மின்னூட்டக் கசிவு. எழுதி அழிக்குந்தோறும் படலம் தேய்கிறது. தேய்ந்த கலத்தில் மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. எழுதும் வரம்பை எட்டிய நுகர்வோர் எஸ்.எஸ்.டி., மின்னிணைப்பின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் தரநிலை. குறைவாகப் பயன்பட்ட கருவியில் இக்காலம் நீளும். வெப்பம் மிகுந்தால் குறையும். ஆகவே, அரியலூர், பெரம்பலூர்க் கோடையில் பூட்டிய அலமாரியில் பல ஆண்டுகள் கிடக்கும் பழைய எஸ்.எஸ்.டி.யை ஆவணக்காப்பகமாகக் கருதுதல் பொருந்தாது.

இரண்டாவது, மீட்பின்மை. வன்தட்டில் நீக்கப்பட்ட கோப்பு, அதன்மேல் வேறு தரவு எழுதப்படும்வரை பெரும்பாலும் எஞ்சியிருக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ டிரிம் என்னும் கட்டளை, நீக்கிய பகுதிகளைத் துடைத்துவிடக் கருவிக்கு இசைவளிக்கிறது. எனவே தவறுதலாக நீக்கிய கோப்பை மீட்பது அரிதாகிறது.

முடிவுரை

அன்றாடப் பணிக்கு எஸ்.எஸ்.டி.யும், நெடுங்காலச் சேமிப்பிற்கு வன்தட்டும் எனப் பகுத்துக் கொள்வது தக்கது. வன்தட்டும் பழுதடையக்கூடியது ஆதலின், படிகள் இரண்டேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் நலம். ஆண்டுக்கொரு முறை கோப்புகளைத் திறந்து சரிபார்த்தலும் வேண்டும். பழுதான கருவிக்கு மாற்று வாங்கிவிடலாம். சிதைந்துபோன கல்வெட்டையும் மறைந்துவிட்ட தகவலாளியின் குரலையும் மீண்டும் பதிவு செய்ய இயலாது.