கப்பற் பதிவேடுகளில் தென்னார்க்காட்டுப் பெயர்கள்: எழுத்து வேறுபாடும் முன்னோர் தேடலும்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றனர். அவர்தம் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவற்றைக் கப்பற் பதிவேடுகள் குறித்துவைத்தன. இன்றைய நெய்வேலி அடங்கிய அன்றைய தென்னார்க்காடு, அவற்றுள் அடிக்கடி இடம்பெறும் மாவட்டங்களுள் ஒன்றாகும்.

பெயர்த் திரிபுகள் வெறும் எழுத்துப்பிழைகள் அல்ல. முனுசாமி ‘மூன்சாமி’ என்றும், இராமசாமி ‘ராம்சாமி’ என்றும், பெருமாள் ‘பெர்மல்’ என்றும், மொரீசியசில் ஆறுமுகம் ‘ஆர்மூகம்’ என்றும் நிலைபெற்றன. இவை அனைத்திலும் அழுத்தமற்ற இடையுயிர் கெட்டுள்ளது. அவ்வுயிரை மீட்டுச் சேர்த்துத் தேடினாலன்றி மூலப்பெயர் அகப்படாது.

குடும்பப்பெயரோ இதனினும் சிக்கலானது. தமிழரிடம் மேலை மரபிலான குடும்பப்பெயர் இல்லை; தந்தையின் இயற்பெயரோ சாதிப்பட்டமோ அயல்நிலத்தில் அவ்விடத்தை நிரப்பியது. தென்னாப்பிரிக்காவின் ‘கோவெண்டர்’ நம் ‘கவுண்டர்’ ஆகும். கொங்குப் பகுதியிலும் வடமாவட்டங்களிலும் வெவ்வேறு சமூகத்தார் இப்பட்டத்தைத் தாங்குகின்றனர். எனவே பட்டத்தைக் கொண்டு மரபுவழியை நிறுவுதல் பொருந்தாது. ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்ட குடியேற்ற எண்ணே வலுவான சான்று.

பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கமும் கருதத்தக்கது. ‘பேரன்’ என்னும் சொல்லே அதற்குச் சான்று. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்ப வருவதால், இருவரை ஒருவராகக் கொள்ளும் பிழை எளிதில் நேரும். தந்தை பெயரையும் உடன்வைத்துப் பார்த்தல் இதனைத் தவிர்க்கும்.

இங்குள்ள தேடலின் இடர் வேறு. பழைய ஆங்கிலப் பதிவுகளில் விருத்தாசலம் ‘வெர்டாசெல்லம்’ எனத் திரிந்து நிற்கிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றபின், சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் பெயர்க்கப்பட்டன. பதிவேட்டில் ஊர்ப்பெயர் இருந்தும் அவ்வூர் நிலத்தில் இராது. (நகரியத்தில் ‘வட்டம்’ என்பது குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும்; வருவாய்த்துறை வட்டத்தோடு மயங்கலாகாது.) நிலம் கையகப்படுத்திய ஆவணங்களில் பட்டாதாரரின் பெயரும் தந்தை பெயரும் கிடைக்கக்கூடும். ஆனால், கப்பலேறியவருள் பலர் கூலி உழைப்பை நம்பியவர். பட்டா இல்லாதவரை நில ஆவணம் காட்டாது. அவர்தம் உறவினரைத் தேடுவோர், பெயர்ந்து குடியேறிய ஊர்களில் குலதெய்வத்தின் பெயரையும் வழிபடும் குடும்பங்களின் வாய்மொழியையும் முதலில் பதிவுசெய்தல் வேண்டும்.