புதிய கண்டுபிடிப்பு: தேதியே உரிமை, மொழியே தடை

புது தில்லி: களியக்காவிளையைக் கடந்தால் கேரளத்தின் பாறசாலை, அடுத்து நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. இந்த எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன.

ஆனால், இங்குள்ள நெசவாளரோ ரப்பர் விவசாயியோ புதிய கருவி ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை கோரினால், இவ்விரு மொழிகளும் உதவாது. கட்டுப்பாட்டாளர் தனியே அனுமதித்தாலன்றி, ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன காப்புரிமை விதிகள்.

இதனால் இழக்க நேர்வது தேதியை. முழுமை பெறாத கண்டுபிடிப்புக்கும் முன்கூட்டியே இடம்பிடித்து வைக்க, 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு தற்காலிக விண்ணப்பத்துக்கு வழிசெய்துள்ளது. அதைத் தாக்கல் செய்த நாளே முன்னுரிமை நாளாகும். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் ரூ.1,600. அடுத்த 12 மாதங்களுக்குள் முழு விவரக் குறிப்பை அளிக்காவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

தற்காலிக விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட அம்சத்துக்கு முந்தைய தேதியின் பயன் கிடையாது. எனவே, தெரியாத மொழியில் அரைகுறையாக எழுதப்படும் விண்ணப்பம் பின்னாளில் கைகொடுக்காது. விண்ணப்பிக்கும் முன் கருவியைச் சந்தையில் பலரறியக் காட்டினாலோ, புதுமை என்ற தகுதியே பறிபோகக் கூடும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு.

நெய்யாறு உற்பத்தியாகும் அகத்தியமலை இதற்கு ஒரு பாடம். அங்கு வாழும் காணி பழங்குடியினர் 1987-ல் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து, பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமம் 1995-ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ரூ.10 லட்சத்துக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் 2 சதவீத விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது உலக அளவில் பாராட்டப்பட்டது. ஆனால், 'ஜீவனி' என்ற பெயரையே அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்நாட்டில் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. நம்மவர் பதியாததைப் பிறர் பதிந்தனர்.

பாரிஸ் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1998 டிசம்பரில்தான். இன்று இங்கு பெறும் தற்காலிக விண்ணப்பத் தேதியை, 12 மாதங்களுக்குள் உடன்படிக்கை நாடுகளிலும் கோர முடியும். மரபறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்பதையும் சட்டத்தின் 3-வது பிரிவு இப்போது தெளிவாக்கியுள்ளது.

உதவி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றங்களின் காப்புரிமைத் தகவல் மையங்கள் உள்ளன. அடித்தளக் கண்டுபிடிப்பாளர்களுக்காகக் குஜராத்திலிருந்து செயல்படும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை, அவர்கள் சார்பில் விண்ணப்பிக்கவும் செய்கிறது. ஆயினும், கிராமத்தாரின் சொல் ஆங்கிலமாக மாறும் வரை தேதி காத்திருக்காது.

அமெரிக்காவில் தற்காலிக விண்ணப்பத்தை எம்மொழியிலும் அளிக்கலாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் எம்மொழி விண்ணப்பத்தையும் ஏற்று, இரு மாதங்களில் மொழிபெயர்ப்பைக் கேட்கிறது. எல்லையின் இரு புறத்தாரும் செல்ல வேண்டிய காப்புரிமை அலுவலகம் சென்னையில் உள்ள ஒன்றேதான். அங்கும் தமிழ், மலையாள விண்ணப்பங்களை ஏற்று, மொழிபெயர்ப்புக்கு அவகாசம் தர விதியைத் திருத்தினால் போதும். இதற்கான அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது.