அரங்கினுள் நுழைந்தோர்

2012 ஆகஸ்டு 29ஆம் நாள் இரவு. இலண்டன் மாநகரின் ஒலிம்பிக் அரங்கம் மக்களால் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், கணிப்பொறியின் குரல் வழியாகப் பேசினார். காலடியையே பார்த்துக் கொண்டிராமல் விண்மீன்களை நோக்குமாறும், எதனையும் அறியும் வேட்கையைக் கைவிடாதிருக்குமாறும் கேட்டுக்கொண்டார். அவரது உரையோடு மாற்றுத்திறனாளருக்கான பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்க விழா களைகட்டியது.

பொதுவாகத் தொடக்க விழா என்றால் வாணவேடிக்கையும் ஆடல் பாடலுமே நம் நினைவுக்கு வரும். போட்டி மறுநாள்தானே தொடங்குகிறது என்று அதனை ஒரு முன்னுரையாகக் கொள்வோரும் உண்டு. பாராலிம்பிக் தொடக்க விழாவை அவ்வாறு கொள்வது பொருந்தாது. வீட்டுக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள் உலகத்தின் கண்முன்னே ஓர் அரங்கினுள் நுழைகிறார்கள். அந்நுழைவே அங்கு நிகழும் முதற்செயல். அதற்கு அவர்கள் கடந்து வந்த தொலைவு சிறிதன்று.

மருத்துவமனைப் புல்வெளி

இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை, முதுகுத்தண்டில் அடிபட்டுச் செயலிழந்தோர் பெரும்பாலும் சில திங்களுக்குள் இறந்துபோயினர். அவர்களைக் கொன்றது காயம் அன்று. ஒரே நிலையில் கிடந்ததால் உண்டான படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கச் செய்தார். எளிய செயல்தான், ஆயினும் அது பல உயிர்களைக் காத்தது.

உயிர் பிழைத்தவர்கள் எதற்காக வாழ்வது என்னும் வினா அடுத்து எழுந்தது. குட்மன் விளையாட்டை மருத்துவத்தின் பகுதியாக்கினார். 1948 ஜூலை 29 அன்று, வெம்பிளியில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அதில் கலந்துகொண்டோர் 16 பேர். அவர்களுள் இருவர் பெண்கள். வில்வித்தையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாணை இழுப்பதால் தோளும் கையும் வலுப்பெறும். அத்துடன், அமர்ந்து எய்பவர் நின்று எய்பவரோடு சமமாகவே போட்டியிடலாம்.

அப்போட்டி வளர்ந்து 1960இல் உரோம் நகருக்குச் சென்றது. 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். அதுவே முதல் பாராலிம்பிக் எனப் பின்னர் ஏற்கப்பட்டது. ‘பாரா’ என்னும் கிரேக்க முன்னொட்டுக்கு ‘அருகில்’, ‘இணையாக’ என்று பொருள். ஒலிம்பிக்குக்குக் கீழானதன்று, இணையானது என்பதே இன்று இப்பெயருக்குத் தரப்படும் விளக்கம். உரோமில் அவர்கள் தங்கிய கட்டடங்களோ தூண்கள்மேல் எழுப்பப்பட்டவை. ஆகவே, வீரர்களைச் சக்கர நாற்காலியோடு படைவீரர்கள் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியதாயிற்று. விளையாட அழைத்தவர்கள் வாயிற்படியை மறந்துவிட்டனர்!

யாருடைய மேடை?

இலண்டன் விழாவின் சிறப்பு, அதனைப் படைத்தவர்களிடமிருந்தே தொடங்குகிறது. இயக்குநர் இருவருள் ஒருவரான ஜென்னி சீலி, ஏழு வயதில் செவித்திறனை இழந்தவர். அப்போது மாற்றுத்திறனாளரின் நாடகக் குழு ஒன்றை நடத்தி வந்தவர். ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகத்தில் வரும் மிராண்டா என்னும் பெண்ணை விழாவின் நடுநாயகமாக்கினர். தீவு ஒன்றில் வளர்ந்த மிராண்டா உலகை முதன்முதலாகக் கண்டு வியக்கிறாள். அப்பாத்திரத்தை ஏற்றவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் நடிகை நிக்கோலா மைல்ஸ்-வில்டின். மாற்றுத்திறனாளர் பலர் பயிற்சி பெற்று அந்தரத்தில் பறந்தனர். பிறர் ஆட அவர்கள் பார்த்திருக்கும் நிலை அன்று தலைகீழாயிற்று.

இசை நிகழ்ச்சியில் ஒரு பாடல் குறிப்பாக எண்ணத்தக்கது. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட பாடகர் இயன் டூரி 1981இல் ‘ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்’ என்னும் பாடலை இயற்றினார். அது உலக மாற்றுத்திறனாளர் ஆண்டு. அவ்வாண்டின் பெயரால் காட்டப்பட்ட இரக்கத்தை அவர் வெறுத்தார். அந்தச் சினமே பாடலாயிற்று. பிபிசி வானொலி அதனை ஒலிபரப்பத் தயங்கிக் கட்டுப்பாடு விதித்தது. 31 ஆண்டுகளுக்குப் பின் அதே பாடல் இவ்வரங்கில், அரசியார் தொடங்கிவைத்த விழாவிலேயே முழங்கியது. கைகளின்றிப் பிறந்த ஓவியர் அலிசன் லாப்பரின் சிலையின் பேருருவும் அங்கு நிறுத்தப்பட்டது. இரக்கத்தை வேண்டி நிற்கும் உருவம் அன்று அது. தலை நிமிர்ந்த உருவம்.

164 நாடுகளின் அணிவகுப்பு நெடுநேரம் நீண்டது. சக்கர நாற்காலியிலும், ஊன்றுகோல் ஊன்றியும், செயற்கைக் காலுடனும், வழிகாட்டியின் கரம்பற்றியும் வீரர்கள் வந்தனர். ஒரே சீராக நடக்கும் படை அணிவகுப்பின் அழகு வேறு. அவரவர்க்குரிய வேகத்தில் வரும் இவ்வணிவகுப்பின் அழகு வேறு.

இறுதியாகச் சுடர். பிரித்தானியாவின் நான்கு மலையுச்சிகளில் ஏற்றப்பட்ட சுடர்களை ஸ்டோக் மாண்டவிலில் ஒன்றாக்கி, அங்கிருந்து தொடரோட்டமாகக் கொண்டுவந்தனர். ஆப்கானிஸ்தான் போரில் இரு கால்களையும் இழந்த ஜோ டவுன்சென்ட், உயர்ந்த கோபுரத்திலிருந்து கம்பிவழி இறங்கி அதனை அரங்கினுள் சேர்த்தார். பார்வையற்றோர் கால்பந்து அணித் தலைவர் டேவிட் கிளார்க் அதனைப் பெற்று, 84 வயதான மார்கரெட் மாகனிடம் அளித்தார். மாகன் ஆசிரியராகப் பணியாற்றியவர். சாலை விபத்துக்குப் பின் ஸ்டோக் மாண்டவிலில் மருத்துவம் பெற்று, அங்கேயே வில்லைக் கையில் எடுத்தவர். உரோமில் தாம் வென்றதையே அறியாமல் பேருந்தில் அமர்ந்திருந்த அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பதக்கம் அணிவித்தனர். பிரித்தானியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. 52 ஆண்டுகள் கழித்து, அவர் ஏற்றிய சுடரை உலகமே பார்த்திருந்தது.

வராதவரின் கொடி

நுழைவுக்கு இத்துணைப் பொருள் இருப்பதாலேயே, நுழைய இயலாமற்போவதும் ஆழ்ந்த பொருள் பெறுகிறது. 2021 ஆகஸ்டு 24 அன்று டோக்கியோவில் நடந்த விழாவில் இதனைக் காணலாம். பெருந்தொற்றின் காரணமாக அங்குப் பார்வையாளர் இல்லை. இந்தியக் கொடியை ஏந்திச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் சேலம் மாவட்டத்து வீரர் மாரியப்பன் தங்கவேலு. 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். விமானப் பயணத்தில் தொற்றுடைய ஒருவருக்கு அருகில் இருந்ததால் அவர் தனிமைப்படுத்தப்பட்டார். கொடியைத் தேக் சந்த் ஏந்தினார். ஒரு வாரத்திற்குப் பின், மழையில் நனைந்த களத்தில் 1.86 மீட்டர் தாண்டி மாரியப்பன் வெள்ளி வென்றார்.

அதே அணிவகுப்பில் ஆப்கானிஸ்தான் கொடியும் வந்தது. ஆனால், அதன்பின் வீரர் எவரும் வரவில்லை. காபூல் தாலிபான்வசமாகிச் சில நாள்களே ஆகியிருந்தன. வீரர்கள் நாட்டைவிட்டு வெளியேற முடியவில்லை. கொடியைத் தன்னார்வலர் ஒருவரே ஏந்தி நடந்தார். வராதவர்களுக்கும் அவ்வரங்கில் ஓர் இடம் உண்டு என்பதை அக்கொடி அறிவித்தது. விழா முடிந்து சில நாள்களில் சாக்கியா குதாதாதி, ஹுசைன் ரசூலி ஆகிய இருவரும் டோக்கியோ வந்து சேர்ந்து போட்டியிட்டனர். சாக்கியா டேக்வாண்டோ வீராங்கனை. 2024இல் பாரிசில் அவர் ஏதிலியர் அணியின் சார்பில் களமிறங்கி வெண்கலம் வென்றார். பாராலிம்பிக்கில் அவ்வணி பெற்ற முதல் பதக்கம் அதுவே.