கைக்கு முன்னே கண் திரும்பும்

சிங்கப்பூரின் ஃபேபர் மலைக்கு ஏறும் சாலை காருக்காகப் பிறந்ததல்ல. உச்சியில் சமிக்ஞை நிலையம் அமைக்க, 1845இல் சென்னைப் பொறியாளர் படையின் கேப்டன் சார்ல்ஸ் எட்வர்ட் ஃபேபர் வெட்டிய ஒடுக்கமான வழி அது. புக்கிட் மேரா வாசிகள் இன்று காரில் ஏறும்போதும் வளைவுகளுக்குக் குறைவில்லை.

இடப்பக்கம் ஒரு வளைவு வருகிறது. வாகனமோட்டியின் கண் நடுச்சாலையில் நிற்பதில்லை. இடது ஓரக்கல்லுக்குத் தாவுகிறது. அதிலும் ஒரே ஓர் இடம்: அவர் இருக்கையிலிருந்து பார்த்தால் சாலைக்குள் அதிகம் துருத்தித் தெரியும் புள்ளி. கார் நகர நகர அதுவும் ஓரக்கல்லிலேயே முன்னோக்கி வழுக்கிக்கொண்டு போகும். காரின் மூக்கு நோக்கும் திசைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலான கோணம் பெரிதானால் ஸ்டியரிங்கை அதிகம் ஒடிக்க வேண்டும். கணக்கைக் கண் போட்டுவிடுகிறது. ஏறக்குறைய ஒரு விநாடி கழித்துக் கை திரும்புகிறது.

இதைக் கண்டு சொன்னவர்கள் மைக்கேல் லேண்ட், டேவிட் லீ. எடின்பரோவில், அதுவும் ஒரு மலையைச் சுற்றும் சாலையில், ஓட்டுநர்களின் பார்வையைக் கேமராவில் பதிந்து 1994இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வளைவுக்கு ஓரிரு விநாடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது. பார்ப்பது விளிம்பையா, கார் போகவிருக்கும் தடத்தையா என்று பின்னால் வந்தவர்கள் மல்லுக்கட்டினார்கள். முன்கூட்டியே பார்ப்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

மறு ஆண்டே லேண்டும் ஜூலியா ஹார்வுட்டும் திரையில் ஓட்டும் சாலையின் பெரும்பகுதியை மறைத்துப் பார்த்தார்கள். தொலைவு மட்டும் தெரிந்தபோது வளைவுக்கேற்ப ஸ்டியரிங் திரும்பியது, ஆனால் கார் தடத்தின் நடுவில் நிற்கவில்லை. அருகு மட்டும் தெரிந்தபோது தடம் தப்பவில்லை. ஓட்டம்தான் வெடுக்கு வெடுக்கென்று இருந்தது. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் அடைமழை கொட்டும்போது, முன்னே நாலு கோடு மட்டும் தெரிய ஊர்ந்தவர்களுக்கு இந்த வெடுக்கு புதிதல்ல.

இன்னும் வேடிக்கை 2002இல் வெளியான ஆய்வாளர் கை வாலிஸ் குழுவின் சோதனை. திரையில் சாலையை இருட்டாக்கிவிட்டுத் தடம் மாறச் சொன்னார்கள். வலப்பக்கம் மாற வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, பிறகு அதே அளவு இடப்பக்கமும் ஒடித்தால்தான் கார் நேராகும். ஓட்டியவர்களோ ஒரு பக்கம் ஒடித்தார்கள், ஸ்டியரிங்கை நேராக்கினார்கள், முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். கார் சாலையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் யாரும் புதிதாகப் பழகுபவர்கள் அல்லர்.