நெய்வேலியில் மலையே இல்லை... மலை இறங்கும் சைக்கிளை எப்படித் தேர்வு செய்வது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு பிரேக் ஒரு பெரிய விஷயமே இல்லை. பிளாக் பிளாக்காகப் பிரித்துப் போட்ட நேர் ரோடு, ரெண்டு பக்கமும் மரம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமதளம். பெடல் பண்றதை நிறுத்தினாலே வண்டி தானா நின்னுடும். ஊரில் உயரமா இருக்கிற ஒரே இடம், சுரங்கத்தில் வெட்டி எடுத்த மேல்மண்ணைக் கொட்டிக் குவித்த மேடுகள்தான். அதில் ஏறி ஓட்டிப் பார்க்கலாமான்னு யாராவது கேட்டா, ஒரே பதில்: வேண்டாம். அது சுரங்கப் பகுதி, அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. மண்ணும் இறுகாத மண்.

ஆனா விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியா சேலம் போனா ஏற்காடு. இன்னொரு பக்கம் கல்வராயன் மலை. கொஞ்சம் தள்ளி கொல்லிமலை, அதன் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெங்களூரு, சென்னையில் வேலை பார்த்துட்டு லாங் வீக்கெண்டுக்கு ஊருக்கு வர்றவங்க சைக்கிளை காரில் கட்டிட்டு இந்தப் பக்கம் கிளம்புறது இப்ப சாதாரணம். சிக்கல் எங்கன்னா, சமதளத்தில் ஓட்டிப் பழகிய கண்ணோட வாங்கின சைக்கிள் அது. ஷோரூமில் நாம கேட்ட கேள்வி "எத்தனை கியர், எவ்வளவு வெயிட், டபுள் ஷாக்கரா?" மலை இறங்கும்போது சைக்கிள் கேக்கிற கேள்வியே வேற.

கால் யூனிட் கரண்ட்

மின்சார ஊர்க்காரர்களுக்கு யூனிட் கணக்குலயே சொல்லலாம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ. 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 8.3 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேறணும். அது கால் யூனிட் கரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூணு லிட்டருக்குக் கிட்டத்தட்ட தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. இதில் ஒரு பகுதியை எதிர்க்காற்று வாங்கிக்கும். மெதுவா, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா, பெரும்பகுதி ரெண்டு சின்ன இரும்புத் தட்டிலும் விரல் அகல பேடுகளிலும்தான் இறங்கும்.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்தச் சூட்டில்தான். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் பந்தயம் விட்டாங்க. இறக்கம் சுமார் 400 மீட்டர். அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற ஹப் பிரேக். கீழே வந்து சேர்றதுக்குள்ள ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் எரிஞ்சு புகையா போயிடும். ஒவ்வொரு முறையும் பிரிச்சுப் புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனாலயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரப்பூர்வ மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்பிலேயே டவுன்ஹில் தனிப் போட்டி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் இருந்தது. அதில் ஆண்கள், பெண்கள் ரெண்டு தங்கமும் இந்தோனேசியாவுக்கு.

கியர் பத்தி ஒரு சம்பவம். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஆரன் க்வினுக்குக் கிளம்பிய உடனே செயின் அறுந்துடுச்சு. செயினே இல்லாம இறங்கி, அந்தப் பந்தயத்தை ஜெயிச்சார். அடுத்த முறை கடையில் "21 கியர் சார்"னு சொன்னா இது ஞாபகம் வரட்டும். அந்தப் பந்தயத்தில் பிரேக் அறுந்திருந்தா கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

அப்போ முதல் காசு எதுக்கு?

பிரேக்குக்கு. ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை பிரேக், மழையில் நனைஞ்சா பிடிக்க நேரம் எடுக்கும். மலைக்கு அது வேண்டாம். டிஸ்க் பிரேக்கில் ரெண்டு வகை. கேபிள் இழுக்கிற மெக்கானிக்கல், ஆயில் தள்ளுகிற ஹைட்ராலிக். கேபிள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனா 20 வளைவுக்கு அப்புறம் விரல் மரத்துப் போயிடும். ஹைட்ராலிக்கில் ஒரே விரல் போதும், மீதி மூணு விரல் ஹேண்டிலைப் பிடிச்சுக்கும். என் ஓட்டு ஹைட்ராலிக்குக்கு. மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ வீல் பெண்ட் எடுக்கிற அண்ணனுக்கு ஆயில் பிரேக்கில் காற்று எடுக்கத் தெரியுமான்னு முதல்ல கேட்டுக்குங்க. இல்லைன்னா நீங்களே கத்துக்கணும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். வேறு பல பிரேக்குகளுக்கு டாட் ஆயில். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை ஊத்தினா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் போயிடும். பைக் மெக்கானிக் கடையில் கிடைக்குதேன்னு டாட் ஆயிலை வாங்கி எல்லாத்துலயும் ஊத்தாதீங்க.

ரோட்டர் எனப்படும் வட்டத்தட்டு பல சைக்கிள்களில் 160 மி.மீ. தான் வரும். முன்சக்கரத்துக்கு 180 அல்லது 203-ஆக மாத்தினா, பிடிப்பும் கூடும், சூடும் சீக்கிரம் ஆறும். கொடுத்த காசுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டுற மாற்றம் சைக்கிளில் வேற கிடையாது. ஆனா ஃபோர்க் எவ்வளவு பெரிய ரோட்டரைத் தாங்கும்னு அதன் தயாரிப்பாளர் வரம்பு வெச்சிருப்பார். அதைத் தாண்டக் கூடாது. ஷிமானோ ரோட்டர் புதுசில் 1.8 மி.மீ. தடிமன், 1.5-க்கு வந்தா மாத்தணும். செகண்ட் ஹேண்டு வாங்குறவங்க இதை அளந்து பார்க்காம காசு கொடுக்காதீங்க.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம்ம ஊர் பைக்கில் வலது கை முன்பிரேக். இங்கே விற்கிற சைக்கிள்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா அமெரிக்கா, ஐரோப்பாவில் இருந்து வந்த சைக்கிளில் இடது கை முன்பிரேக்கா இருக்கும். அவசரத்தில் பழக்க தோஷத்தில் தப்பான கை அழுத்தும். ஓட்டுறதுக்கு முன்னாடி வண்டியைத் தள்ளிக்கிட்டே ஒவ்வொரு லீவரா அழுத்திப் பாருங்க.

டயர்ல காத்து கல்லு மாதிரி வேணாம்

பெட்ரோல் பங்கில் டயரைக் கல்லு மாதிரி அடிச்சு வைக்கிறது நம்ம பழக்கம். சமதளத்துக்கு ஓகே. ஜல்லியும் வேரும் கிடக்கிற இறக்கத்தில் அந்த டயர் பந்து மாதிரி குதிக்கும். தரையைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் வேலை செய்யாது, ஹேண்டிலும் வேலை செய்யாது. 2.3 அங்குலத்துக்கு மேல அகலமான டயர், 65 கிலோ ஆள், உள்ளே டியூப் இருக்குன்னா 26 முதல் 30 பி.எஸ்.ஐ. வரைக்கும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். அதுக்கும் கீழே போனா கல் மோதும்போது டியூப் ரிம்முக்கு நடுவில் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெட்டை ஓட்டை விழும். டியூப்லெஸ் ஆக்கினா இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பங்க் மீட்டரை நம்பாம சின்னதா ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிக்குங்க.

டபுள் ஷாக்கர் மயக்கம்

இப்ப பெரிய விஷயத்துக்கு வருவோம். முன்னாடி ஸ்ப்ரிங், பின்னாடி ஸ்ப்ரிங், பார்க்கவே பந்தய வண்டி மாதிரி இருக்கிற பதினைஞ்சு, இருபதாயிரம் ரூபாய் சைக்கிள். பசங்க மயங்குறது இதில்தான். உண்மையான டவுன்ஹில் சைக்கிளில் சக்கரம் 200 மி.மீ. வரை மேலே கீழே போகும். ஃபாக்ஸ் 40, ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் மாதிரி ஃபோர்க்குகளில் பைக்கில் இருப்பது போல ரெண்டு அடுக்குத் தலைப்பட்டை இருக்கும். ஸ்ப்ரிங் எழும்புற வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே ஆயில் டேம்பர் இருக்கும். விலை லட்சங்களில். மலிவான டபுள் ஷாக்கரில் பெரும்பாலும் வெறும் ஸ்ப்ரிங் மட்டும்தான். அழுத்தினா இறங்கும், விட்டா எகிறும். பின்னாடி மூட்டில் பேரிங்குக்குப் பதில் புஷ் இருக்கும். அது தேய்ஞ்சா பின்சக்கரமே வால் ஆட்டும்.

அதே காசுக்கு முன்னாடி மட்டும் ஒரு உருப்படியான ஃபோர்க், நல்ல பிரேக், நல்ல டயர் உள்ள ஹார்டுடெய்ல் வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன். பார்க்க சாதாரணமா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். ஃப்ரேமையும் பாருங்க. பல உலக நிறுவனங்கள் ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 தர வகைப்பாட்டின்படி எண் ஒட்டியிருப்பாங்க. 1 என்றால் ரோட்டுக்கு மட்டும், 5 என்றால் டவுன்ஹில், பெரிய ஜம்ப். 2-ஐ வாங்கிட்டு 5-ன் வேலையைச் செய்யச் சொல்லக் கூடாது.

ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் செலவு கம்மி. சீட்டை நல்லாக் கீழே இறக்கி, எழுந்து நின்னு, எடையை நடுவில் வெச்சு இறங்கணும். நீளமான ஸ்டெம் உடம்பை முன்சக்கரத்துக்கு மேல தள்ளும். 50 மி.மீ. அளவுக்குக் குட்டையா மாத்தி, அகலமான ஹேண்டில்பார் போட்டா கட்டுப்பாடு கூடும். பெடல் வழுக்காத தட்டையான வகை. அவ்வளவுதான்.

ஹெல்மெட்டில் மட்டும் பேரம் வேணாம். டவுன்ஹில் பந்தயத்துக்கு யுசிஐ விதிப்படி முகம் மூடிய ஹெல்மெட் கட்டாயம். ஏ.எஸ்.டி.எம். எஃப்1952 என்பது டவுன்ஹில் ஹெல்மெட்டுக்கான தரம். உள்ளே அந்த லேபிள் இருக்கான்னு பாருங்க. செகண்ட் ஹேண்டு ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். ஏற்கனவே ஒரு அடி வாங்கியிருந்தா வெளியே தெரியாது.

செட்டிங் பண்ண நெய்வேலி மாதிரி ஊர் கிடையாது

மலை இல்லாத ஊர் இங்கே கைகொடுக்குது. புது பேடும் ரோட்டரும் போட்ட உடனே மலைக்குப் போகக் கூடாது. ரெண்டும் ஒண்ணோடொண்ணு பழகணும். காலையில் டிராஃபிக் இல்லாத நேரத்தில் டவுன்ஷிப்பின் நேர் ரோட்டில் 20 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவந்து, நடக்கிற வேகம் வரை மெதுவா அழுத்திக் குறைங்க. சக்கரம் லாக் ஆகக் கூடாது. பதினைஞ்சு, இருபது தடவை. முன்பிரேக்குக்குத் தனி, பின்பிரேக்குக்குத் தனி. போகப் போகப் பிடிப்பு ஏறுறது கையிலயே தெரியும்.

அடுத்து சேக். ஹெல்மெட், பை எல்லாம் மாட்டிக்கிட்டு ஏறி நின்னா ஃபோர்க் எவ்வளவு அமுங்குதுங்கிற அளவுதான் சேக். ஃபோர்க் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லைன்னா கேபிள் டை கட்டிக்கலாம். மொத்த நீளம் 100 மி.மீ. என்றால் 20 முதல் 25 மி.மீ. அமுங்கணும். முழு டவுன்ஹில் வண்டிக்குப் பின்னாடி 30 சதவீதம் வரை போவாங்க. ஏர் ஃபோர்க்குக்கு ஷாக் பம்ப்னு தனியா வரும், பங்க் காற்று வேலைக்கு ஆகாது. காயில் ஸ்ப்ரிங் என்றால் எடைக்கேற்ற ஸ்ப்ரிங் மாத்தணும். 55 கிலோ ஆள், 80 கிலோ ஆளுக்கான ஸ்ப்ரிங்கை வெச்சுக்கிட்டு "இந்த ஷாக்கர் வேஸ்ட்"னு திட்டுறதில் அர்த்தமில்லை.

ரீபவுண்ட் என்பது அமுங்கின ஃபோர்க் எழும்புற வேகம். அந்தக் குமிழ் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். ரோட்டோரக் கல்திட்டில் இருந்து உட்கார்ந்தபடியே மெதுவா இறங்குங்க. வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கிடணும். ரெண்டு, மூணு தடவை ஆடினா ரொம்ப வேகம். எழும்பவே சோம்பேறித்தனம் பண்ணினா ரொம்ப மெதுவு. ஒவ்வொரு கிளிக்கா மாத்தி, எத்தனை கிளிக்னு போனில் குறிச்சு வெச்சுக்குங்க.

மலையில் எங்கே ஓட்டுறதுங்கிறதும் கேள்விதான். ஏற்காடு மாதிரி மலை ரோட்டில் எதிரே பஸ் வரும், அது பந்தயத் தடம் இல்லை. மண்பாதைகளில் பலது காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேணும். எஸ்டேட் பாதை என்றால் உரிமையாளர்கிட்ட கேட்கணும். எங்கே இறங்கினாலும் பிரேக்கை விடாம தேய்ச்சுக்கிட்டே வராதீங்க. வளைவுக்கு முன்னாடி அழுத்தி வேகத்தைக் குறைச்சு, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்க. நடுவில் ரெண்டு இடத்தில் நிறுத்துங்க. நிறுத்தினதும் ரோட்டரைத் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும். தோல் வெந்துடும்.

சைக்கிளை காரில் ஏத்தச் சக்கரத்தைக் கழற்றும்போது யாரும் பிரேக் லீவரைத் தொடாம பார்த்துக்குங்க. ரோட்டர் இல்லாம ஹைட்ராலிக் லீவரை அழுத்தினா பேடு ரெண்டும் ஒட்டிக்கும், மலையடிவாரத்தில் சக்கரம் உள்ளே போகாது. கழற்றின உடனே அட்டையை ரெண்டா மடிச்சு பேடுகளுக்கு நடுவில் செருகி வெச்சுடுங்க.