இருளில் விட்டதை ஒளியில் பற்றும் இரும்பு

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிபம்பில் பிடித்த தண்ணீர் முதலில் பளிங்குபோல் இருக்கும். சற்று நேரம் வைத்தால் பல இடங்களில் அதில் மெல்ல மஞ்சள் ஏறும். பிறகு செந்துகள்கள் அடியில் படியும். கரைந்திருந்த இரும்பு காற்றைத் தொட்டுத் துருவாகிவிட்டது. அந்தத் துருவைத் துச்சமாக எண்ணிவிடாதீர்கள்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தைத் தேய்த்துக் கொண்டுவந்த வண்டலால் ஆன மண் அது. அதன் மணல் மணிகளில் துரு படர்ந்திருக்கிறது. துருவை ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் என்னும் நஞ்சு. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் துருவைக் கரைக்கும்போது இரும்பின் பிடி தளர்ந்து, நஞ்சு நீரில் இறங்குகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குளத்து நீரால் வரும் வாந்திபேதிக்குத் தப்ப 1970-களிலிருந்து போட்ட குழாய்க்கிணறுகள் வழியே அது அடுப்படிவரை வந்தது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரத்தன, புற்றுநோயும் வந்தது. 1993-ல்தான் அந்நாட்டில் இந்த நஞ்சு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆகாத கிணற்றுக்குச் சிவப்பு, ஆகும் கிணற்றுக்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள்.

மேலே வந்தபின் இரும்பு துருவாகிறதே, நஞ்சை மறுபடி பிடித்துக்கொள்ளாதா? முழுதும் பிடிக்காது. ஆழத்து நீரில் பெரும்பகுதி ஆர்சனிக்-3 வடிவில், மின்னூட்டம் இல்லாமல் இருக்கிறது. துருவோடு எளிதில் ஒட்டாது. ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆர்சனிக்-5 ஆனால் இறுக ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு வெயில் துணை நிற்கும் என்று 2001-ல் வெளியான ஆய்வில் காட்டினார்கள் சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீராய்வு நிறுவனத்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டிலில் நீர், லிட்டருக்கு 4 முதல் 8 சொட்டு எலுமிச்சைச் சாறு, சில மணி நேர வெயில். சாற்றிலுள்ள சிட்ரேட் இரும்போடு சேர்கிறது. அந்தச் சேர்க்கை புற ஊதாக் கதிரை ஏற்று, வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்கள் பிறக்க வழிசெய்கிறது. அவை நஞ்சை மாற்ற, துரு அதை வாரிக்கொள்கிறது. இரவு பாட்டிலை நிமிர்த்தி வைத்தால், தேற்றாங்கொட்டை உரைத்த குடத்தைப்போல் நீர் தெளிந்துவிடும். காலையில் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

வங்கதேசத்தில் சோதித்தபோது 45 முதல் 78 சதவீத ஆர்சனிக் நீங்கியது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நஞ்சு மிகுந்த கிணற்றுக்கு இந்த முறை மட்டும் போதாது. நீரில் இரும்பும் போதிய அளவு இருக்க வேண்டும்.

ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: நிலத்தடி இருளில் எந்த இரும்பு நஞ்சைக் கைவிட்டதோ, அதே இரும்பு சூரியன் முகம் பார்த்ததும் அதைத் தேடிப் பற்றுகிறது. இந்த உறவைப் படைத்தவனுக்கு அல்லவா நன்றி! பாட்டிலின் அடியில் படிந்த சிட்டிகைத் துருவைப் பார்க்கும்போது கைகள் தாமே குவிகின்றன.