நாலு நாள், மூன்று தீவு, எட்டுப் பிள்ளைகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் எந்த ஒழுங்கையில் நின்று பார்த்தாலும் முடிவில் கடல் தெரியும். ஆனால் அந்த ஒழுங்கைகளில் வாடகை அறைகளில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலர் கடலில் கால் நனைத்ததில்லை. குறுக்கே மரைன் டிரைவ் வீதி, அதன் பின் தண்டவாளம், அதற்கும் அப்பால் கருங்கற் பாறைகள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கோ துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்தான் கடலின் அடையாளம். “அம்மா, கடல் எண்டால் சுவருக்கு அங்கால இருக்கிறதா?” என்று ஒரு நான்கு வயதுக்காரன் கேட்டதாக அவனுடைய தாய் எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவரும் பேசவில்லை.

அந்தத் தாய் முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்தவர். 2004 மார்கழி 26இல் தாயையும் தம்பியையும் ஆழிப்பேரலையிலும், 2009இல் மூத்த சகோதரனை யுத்தத்திலும் இழந்தவர். திருமணமாகிக் கொழும்புக்கு வந்த பின்னும் கடல் தெரியாத பக்கத்து அறையையே கேட்டு வாங்கியவர். அவருடைய மகன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டவன்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சில நாட்கள் தீவுப் பகுதிக்குப் போய் வரலாமா என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. 2023 சித்திரையில் பேசினோம். 2024 சித்திரையில் போனோம். இடையில் கழிந்த ஒரு வருடத்தைப் பற்றியும், அந்த நாலு நாட்களைப் பற்றியும் எழுதும்படி தோழியர் கேட்டதனால் இதை எழுதுகின்றேன்.

முதல் எதிர்ப்பு பணத்தினால் வரவில்லை. எங்களில் ஒருவர் கணவனை இழந்தவர். “தாலி இல்லாதவளுக்கு என்ன உல்லாசப் பயணம்? கோயிலுக்கெண்டால் போ, கடல் குளிக்கவோ போறாய்?” என்று அவருடைய மாமியார் கேட்டார். மாமியாரைக் குறை கூற நான் விரும்பவில்லை. மகனைப் பறிகொடுத்தவர் அவர். ஆயினும் சமூகவியல் படித்தவள் என்ற வகையில் ஒன்றைக் கவனித்திருக்கின்றேன். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண் அழுதால் சமூகம் தாங்கிக்கொள்கின்றது, வேலைக்குப் போனால் மெச்சுகின்றது. அவள் சும்மா இருந்து சிரித்தால் மட்டும் பொறுக்க முடிவதில்லை. சிறுவருக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகின்றது. பெண்களுக்குப் பொழுதுபோக்கில் சம உரிமை உண்டென்று பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை கூறுகின்றது. இரண்டையும் இலங்கை ஏற்றுக்கொண்டுள்ளது. இதை மாமியாரிடம் நான் எடுத்துச் சொல்லவில்லை. “நயினாதீவு அம்மாளிட்டயும் போறம் அம்மா” என்று மட்டும் சொன்னேன். அது பாதி உண்மை என்பது அவருக்கும் தெரியும்.

பணத்துக்குச் சீட்டுப் போட்டோம். ஏலம் கூறாத சீட்டு. என்னோடு ஐந்து பெண்கள், மாதம் 3000 ரூபா வீதம் பன்னிரண்டு மாதம், மொத்தம் 180,000. இடையில் ஒருவருடைய பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து சேர்த்ததில் ஒரு பங்கை எடுத்தார்; இரண்டு மாதத்தில் திருப்பி வைத்தார். தங்கும் வீட்டை யாழ்ப்பாண நகரில் எடுத்து, ஒவ்வொரு நாளும் அங்கிருந்து ஒரு தீவுக்குப் போய்த் திரும்புவது என்று முடிவு செய்தோம். ஒவ்வோர் இரவும் இடம் மாற்றினால் சிறு பிள்ளைகளுக்கு நித்திரை குழம்பும், தாய்க்கு மூட்டை கட்டுவதே வேலையாகிவிடும். வீடு தேடித் தொலைபேசியில் பேசிய ஒருவர் “ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?” என்று மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை அவர் கேட்க முதல் நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டோம்.

காலத்தைத் தெரிவதில்தான் கவனம் வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று அடிக்கும்; தீவுக் கடல் கொந்தளிக்கும், படகில் பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. மாசிப் பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை கடல் குளம் போலக் கிடக்கும், ஆனால் வெயில் கொளுத்தும். ஆனி மாதத்தில் நயினாதீவுத் திருவிழா. பக்திக்கு நல்லது, கைக்குழந்தையோடு படகுக்கு வரிசையில் நிற்க நல்லதல்ல. நாங்கள் புத்தாண்டுக்குப் பிந்திய விடுமுறை வாரத்தை எடுத்தோம்.

அந்த நாட்களில் மாஹோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே பாதை திருத்தப்பட்டதால் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் இல்லை. எனவே வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினோம். ஏறும்போது எங்களில் ஒருவருடைய கை நடுங்கியதைக் கண்டேன். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள் அல்லவா, 376 பேரை? மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்கால உத்தரவிட்டது. அன்று ஏற்றப்பட்டவர்களில் இவரும் ஒருவர். அப்போது வயது பதினெட்டு. “இந்த ரோட்டால பஸ்ஸில யாழ்ப்பாணப் பக்கம் போறது எனக்கு அதுக்குப் பிறகு இதுதான் மிஸ்” என்றார். அவருடைய ஏழு வயது மகள் யன்னல் சீற்றுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் இருவரையும் தாங்கிப் பிடித்தபடி ஏறிவிட்டார், மகளையும் தன்னையும்.

ஆனையிறவு விடியும் வேளையில் வந்தது. பிள்ளைகள் நித்திரை. நான் மட்டும் விழித்திருந்து இருபுறமும் நீரைப் பார்த்தேன். 1990களின் தொடக்கத்தில் இந்தப் பாதை மூடப்பட்டிருந்தபோது கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்துதான் சனம் போய் வந்தது. ஐந்து வயதில் அப்படி ஒரு படகில் நானும் இருந்தேன். அம்மா என் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். படகு என்றால் சத்தம் போடக் கூடாத இடம் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன்.

முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. வேண்டுமென்றே. பிள்ளைகள் தூங்கினார்கள், பின்னேரம் பண்ணைக் கடலோரம் நடந்தோம், அவ்வளவுதான். ஒரு நாளில் இரண்டு தீவு, மூன்று கோயில் என்று திட்டம் போடுபவர்களுக்கு ஒரு சொல்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு புது இடம்தான் கொள்ளும். மீதி எல்லாம் பெரியவர்களின் படம் எடுக்கும் ஆசை.

இரண்டாம் நாள் காரைநகர். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: காரைநகர் ஆம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க். நிலைத்தது டெல்வ்ற் என்ற நெடுந்தீவின் பெயர் ஒன்றுதான். “இண்டைக்கு ஆம்ஸ்ரடாம் போறம்” என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே புளுகம். கசூரினாக் கடற்கரையில் வெகு தூரம் வரை முழங்கால் ஆழம், அலையும் குறைவு. அதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியாது. குளிக்கும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று ஆட்களைப் பிரித்து, பார்க்கும் முறையில் இருப்பவர் தொலைபேசியைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். காலை ஏழு மணிக்கே இறங்கி ஒன்பதரைக்கு வெளியே வந்துவிட்டோம். இழுதுமீன் பட்டால் எரியும், நன்னீரால் கழுவாமல் கடல் நீராலேயே கழுவ வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

முல்லைத்தீவுத் தாய் சவுக்கு மரத்தடியில் கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். மகன் அவர் மடியில். ஒருவரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக் கூடாது என்பது உளசமூகப் பணியில் நாம் படிக்கும் பாடம். ஆனால் அருகிலிருந்து பார்க்கும்போது கை பரபரக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். என் மூன்று வயது மகள் கரையிலிருந்து எட்டி மணலைத் தோண்டினாள். குழியில் தண்ணீர் ஊறியது. “அங்க தண்ணி வருது!” என்று அவன் மடியிலிருந்து இறங்கி வந்து குழியில் காலை வைத்தான். தாய் திரும்பிப் பார்த்தார். அன்று அந்தக் குழியளவு கடல்தான்.

அதே நாள் காலையில் கொட்டாஞ்சேனைத் தோழி ஒன்பது வயது மகனோடு நெடுந்தீவுக்குப் போனார். அவருடைய தாய்வழி ஊர் அது. எல்லோரும் போவோமா என்று கொழும்பில் வைத்தே வாதாடினோம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடல், நிழல் குறைவு, திரும்பும் படகு நேரத்தை விட்டால் இரவு அங்கேதான். கைக்குழந்தைக்குக் கடுமையாகச் சுகமில்லாமல் போனால் மீண்டும் அதே கடலைக் கடக்க வேண்டும். சிறியவர்களுக்கு வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அது எனக்குச் சரியாகவே படுகின்றது. அவர் தன் சின்ன மகளை எங்களிடம் விட்டு, உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கினார்.

மூன்றாம் நாள் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு நாங்கள் வந்து சேர, அவர்களும் நெடுந்தீவுப் படகிலிருந்து இறங்கினார்கள். பையன் நிறுத்தாமல் கதைத்தான்: காட்டுக் குதிரைகள், பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத பெருக்கு மரம், சீமெந்து இல்லாமல் பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். தாய் மெதுவாக வேறொன்று சொன்னார். மாவிலித்துறையில் குமுதினிப் படகின் நினைவுத்தூபிக்குப் பூ வைத்தாராம். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அவருடைய பெரியம்மா முறையான ஒருவர் அதில் போனவர். “மகனுக்குச் சொன்னனீங்களா?” என்று கேட்டேன். “பேர் மட்டும் சொன்னன். மிச்சம் அவன் கேட்கேக்க சொல்லுவன்” என்றார்.

நயினாதீவுக்கு இருபது நிமிடம்கூட இல்லை. படகின் உள்ளே இறங்கி இருந்தால் புழுக்கமும் எஞ்சின் மணமும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டும். காற்றுப் படும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏறுவதற்குச் சற்று முன் பால் கொடுக்க வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன் பிஸ்கட்டும் கொஞ்சம் தண்ணீரும் போதும். உயிர்காப்பு அங்கி பெரும்பாலும் பெரியவர் அளவில்தான் இருக்கும். சிறியவருக்கு ஏற்றதைக் கொழும்பிலிருந்தே கடன் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். எங்கள் ஆயத்தங்களில் ஆகப் பெறுமதியானது அதுதான். தீவுக் கிணறுகள் பலவும் உவர், ஆகவே குடிநீர் கையோடு. இரண்டு பக்கற் ஜீவனியும், பருத்தித் தொப்பியும், ஈரத் துவாயும். சாப்பாட்டுக்குப் புட்டும் சம்பலும் கட்டினோம், ஆனால் அம்மன் கோயில் அன்னதான மண்டபத்தில் சோறு கிடைத்தது. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று பலர் கூறுவர். “அந்தச் சட்டி இப்ப எங்க?” என்று என் மகள் கேட்டாள். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா தன் வாளியைக் காட்டினார்.

கடைசி நாள் வேலணைச் சாட்டிக் கடற்கரை. இரவு பஸ் என்பதால் அவசரமில்லை. கொட்டாஞ்சேனைத் தோழி சிந்தாத்திரை மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனார். முல்லைத்தீவுத் தாய் கரையில் நின்றார், இம்முறை கடலைப் பார்த்தபடி. மகன் என் கையைப் பிடித்திருந்தான். “பத்து எண்ணுவன். அதுக்குள்ள வெளிய வரவேணும்” என்றார். கணுக்கால் நனைந்தது. அவர் சத்தமாக எண்ணினார், மிக வேகமாக. ஓடி வந்தோம். “இன்னொருக்கா” என்றான். மறுபடியும் பத்து. நாலாவது தடவையில் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் அவர் மூச்சு விட்டுக்கொள்ளும் அளவுக்கு எண்ணிக்கை தாமதமானது. முழங்கால் வரை போய்விட்டிருந்தோம். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. செருப்பை மட்டும் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

சீட்டுக் கணக்குப் பார்த்தபோது 6400 ரூபா மிச்சம். புதுச் சீட்டுக்கு அதையே முதலாக வைத்திருக்கின்றோம். கற்பிட்டி என்று ஒருவர், மன்னார் என்று ஒருவர், இன்னும் முடிவாகவில்லை. நயினாதீவுத் திருநீறைக் கொடுக்கப் போன என்னிடம் அந்த மாமியார் வெகு நேரம் ஊர்ப் புதினம் கேட்டார். வாசல் வரை வந்து, மருமகள் உள்ளே போய்விட்டாளா என்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அந்தப் படகில முழங்கால் நோக்காரர் ஏற ஏலுமோ, பிள்ளை?”